செங்கல்லை மறைக்காத வீடு
(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "பெண் வீட்டுக்கு லண்டன் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்களே, அதைப் பற்றி ஏதாவது பேசுங்களேன்" என்றார். லண்டன் என்றதும் அரண்மனை, பாலம், பெரிய கடிகாரம், மெழுகு பொம்மை எல்லாம் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் உங்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். நான் பேசப்போவது ஒரே ஒரு வீட்டைப் பற்றி. அரண்மனை இல்லை, ராஜா ராணி யாரும் இருந்ததில்லை. கட்டச் சொன்னவர் அதில் குடியிருந்தது ஐந்தே வருஷம். ஆனால் முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் கட்டடம் கட்டிய எனக்கு, அந்த வீட்டில் கழிந்த ஒரு மத்தியானம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் லண்டனுக்குத் தென்கிழக்கே இருக்கிறார்கள். 2023 ஜூன் மாதம், ஒரு வாரமாக மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், மாப்பிள்ளை, "அப்பா, உங்களுக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது" என்று பெக்ஸ்லிஹீத் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். சாதாரணப் புறநகர். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், வாசலில் கார்கள். நடுவே உயரமான ஒரு செங்கல் மதில். கதவைத் தாண்டி உள்ளே போனால், மரங்களுக்கு நடுவே செக்கச் செவேலென்று ஒரு வீடு. பெயரும் அதுதான், ரெட் ஹவுஸ். பெயர் வைப்பதற்கு ரொம்ப யோசிக்கவில்லை போலிருக்கிறது.

கட்டச் சொன்னவர் வில்லியம் மாரிஸ். வால்பேப்பர், ஜன்னல் திரைத் துணி இவற்றில் பூவும் கொடியுமாக வரும் டிசைன்களில் இவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கவிஞர், பின்னாளில் சோஷலிஸ்ட். அப்பா விட்டுச் சென்ற தாமிரச் சுரங்கப் பங்குகளிலிருந்து இருபத்தொரு வயதிலேயே வருஷத்துக்கு 900 பவுன் வருமானம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. 1859 ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேன் பர்டன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் தகப்பனார் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். பிள்ளை வீட்டார் ஒருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. (இந்த விஷயத்தில் எல்லா ஊர்ப் பிள்ளை வீட்டாரும் ஒன்றுதான்.) அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வருவதற்காகக் கட்டிய வீடு இது.

வரைந்தவர் ஃபிலிப் வெப். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் ஜி. இ. ஸ்ட்ரீட் என்ற பெரிய ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் சந்தித்துக்கொண்டவர்கள். அங்கே வெப் சீனியர். மாரிஸ் சில மாதம் படம் வரைந்து பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று விலகியவர். 1858-இல் பிரான்ஸில் சேன் நதியில் படகு வலித்துக்கொண்டு போனபோது இந்த வீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது என்கிறார்கள். வீடு கட்ட ஆரம்பித்தபோது மாரிஸுக்கு வயது 25, வெப்புக்கு 28. வெப் சொந்தமாக எடுத்துச் செய்த முதல் வேலை. செலவு ஏறக்குறைய 4,000 பவுன். 1860 ஜூனில் கிருஹப்பிரவேசம்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். அது புரிய அந்தக் காலத்து இங்கிலீஷ் வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வசதியுள்ளவர்களுக்குச் செங்கல் என்றாலே கௌரவக் குறைவு. ரீஜண்ட்ஸ் பார்க்கில் ஜான் நாஷ் கட்டிய வரிசை வீடுகளைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வெள்ளை வெளேரென்று கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள். உள்ளே இருப்பது சாதாரணச் செங்கல். மேலே பூச்சு பூசி, கோடு கிழித்து, கருங்கல் மாதிரி காட்டுவது. போதாதற்கு 1784 முதல் சர்க்கார் செங்கல்லுக்கு வரி போட்டிருந்தது. அமெரிக்க யுத்தக் கடனைத் தீர்ப்பதற்காக ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. உடனே சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினார்கள், எண்ணிக்கை குறையட்டும் என்று. சர்க்கார் விடுமா, பெரிய கல்லுக்குத் தனி வரி போட்டது. 1850-இல்தான் அந்த வரி ஒழிந்தது. அடுத்த வருஷம் ஜன்னல் வரியும் போயிற்று. ஆமாம், ஜன்னலுக்கும் வரி இருந்தது! ஆக, செங்கல்லும் ஜன்னலும் வரியிலிருந்து விடுபட்டு எட்டொன்பது வருஷத்தில் இந்த வீடு.

வெப் என்ன செய்தார்? பூச்சே பூசவில்லை. செங்கல் செங்கல்லாகவே நிற்கிறது. கூரை செங்குத்தாகச் சரிந்த சிவப்பு ஓடு. உயரமான புகைபோக்கிகள். 'எல்' எழுத்து மாதிரி இரண்டு கட்டு, இரண்டு மாடி. அந்த 'எல்'லின் மடிப்பில் ஒரு கிணறு. கிணற்றுக்குக் கூம்பு வடிவத்தில் ஓடு வேய்ந்த கூரை. கென்ட் ஜில்லாவில் பீருக்கு வேண்டிய ஒரு கொடியின் பூவை உலர்த்தும் கட்டடங்களுக்கு இப்படித்தான் கூம்புக் கூரை இருக்கும், அதன் சாயல். கிணற்றடியைப் பார்த்ததும் எங்காத்து மாமி முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "ராட்டினம் எங்கே?" என்று கேட்டாள்.

ஜன்னல்களைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். நாங்கள் படித்த காலத்தில் முகப்பை முதலில் வரைவோம். நடுவே வாசல், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு ஜன்னல். பிறகு அதற்குள் அறைகளைத் திணிப்போம். பலருக்கு அது இன்றும் அப்படித்தான். வெப் தலைகீழாகச் செய்தார். அறைக்குள் என்ன நடக்கிறது, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்த்து, அதற்கு எங்கே ஜன்னல் வேண்டுமோ அங்கே வைத்தார். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று நெடுக்கு, ஒன்று அகலம், மாடி நடையில் வட்ட வட்டமாகச் சில. ஒழுங்கே இல்லாத மாதிரி தோன்றும். ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால், உள்ளே எது கூடம், எது நடை, எது மாடிப்படி என்று சுவரே சொல்லிவிடுகிறது. சில ஜன்னல்களுக்கு மேலே கூர் வளைவு இருக்கிறது. மாதாகோயில் பாணி என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால், அது சுமை தாங்கும் ஆர்ச். மேல் சுவரின் பாரத்தை இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறது. கீழே இருப்பது சாதாரண, மேலும் கீழும் தள்ளித் திறக்கும் மரச் சட்ட ஜன்னல். வேலை செய்கிற உறுப்பையே அலங்காரமாகவும் நிறுத்திவிட்டார்.

இவர்தான் முதல்முதலில் இப்படிச் செய்தவர் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. அவருடைய குரு ஸ்ட்ரீட்டும், பட்டர்ஃபீல்ட் என்பவரும் கிராமத்துப் பாதிரியார்களுக்குக் கட்டிய வீடுகளில் இந்தச் சிக்கனமும் நேர்மையும் ஏற்கெனவே உண்டு. அதைத் தன் சிநேகிதனின் குடும்ப வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வெப் செய்தது. பிற்பாடு 1904-இல் முத்தேசியஸ் என்ற ஜெர்மானியர் இங்கிலீஷ் வீடுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி இதைத் தூக்கிவைத்துப் பேசினார். அதன் பிறகு ஐரோப்பா முழுக்கப் பெயர் பரவியது.

உள்ளே நுழைந்தால், ஓக் மரத்தில் மாடிப்படி. கைப்பிடித் தூண்கள் சின்னக் கோபுரங்கள் மாதிரி உயர்ந்து நிற்கின்றன. தலைக்கு மேலே கூரை வரை திறந்த வெளி. முக்கியமான கூடம் மாடியில். அங்கே செங்கல்லாலேயே கட்டிய கணப்பு, கிட்டத்தட்ட விதானம் வரை எழும்பியிருக்கிறது. அதன் மேல் கலையின் நீளத்தையும் ஆயுளின் குறுக்கத்தையும் சொல்லும் லத்தீன் வாசகம் ஒன்று. விதானத்தில் வர்ணக் கோலம். அதைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு வேடிக்கை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே கோலத்துக்குப் புள்ளி குத்தியிருக்கிறார்கள். பிறகு அந்தப் புள்ளிகளைப் பார்த்து வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். "நம்மாத்து வாசல்ல மாதிரியே புள்ளி வெச்சிருக்காளே!" என்றாள் என் பெண். வாஸ்தவம்தான்.

தீட்டியவர்கள் கூலி ஆட்கள் இல்லை, சிநேகிதர்கள். சனிக்கிழமை ரயிலேறி ஆபி வுட் ஸ்டேஷனில் இறங்குவார்கள். மாரிஸின் வண்டி காத்திருக்கும். மூன்று மைல் சவாரி. வந்ததும் ஆளுக்கொரு சுவர். பர்ன்-ஜோன்ஸ் கூடத்தில் ஒரு பழைய காதல் கதையின் கல்யாணக் காட்சிகளை வரைந்தார். ரோசெட்டி வந்தார். வீட்டுக்கு வேண்டிய மேஜை, விளக்குத் தண்டு, கண்ணாடிக் கிண்ணம் எதுவும் கடையில் மனசுக்குப் பிடித்ததாகக் கிடைக்கவில்லை என்று வெப்பே வரைந்து செய்யச் சொன்னார். அதிலிருந்து பிறந்ததுதான் 1861-இல் ஆரம்பித்த மாரிஸ், மார்ஷல், ஃபாக்னர் அண்ட் கம்பெனி. தோட்டத்து ரோஜாப் பந்தலைப் பார்த்து மாரிஸ் 1862-இல் ஒரு வால்பேப்பர் வரைந்தார், 'ட்ரெல்லிஸ்' என்று பெயர். கொடியெல்லாம் அவர் கை. பறவைகள் மட்டும் வெப் வரைந்து கொடுத்தது.

இங்கே நம் மும்பைக்கு ஒரு சம்பந்தம் உண்டு. அந்த நாட்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரிவது பர்ன்-ஜோன்ஸின் மனைவி ஜார்ஜியானா எழுதிவைத்த நினைவுகளிலிருந்து. அந்த அம்மாளின் கூடப் பிறந்த அக்கா ஆலிஸ். ஆலிஸின் கணவர் ஜான் லாக்வுட் கிப்ளிங். 1865-இல் நம் ஜே. ஜே. ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டுக்கு ஆசிரியராக வந்தவர். அதே வருஷம் இங்கே பிறந்த பிள்ளைதான் ருட்யார்ட் கிப்ளிங். க்ராஃபோர்ட் மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போகும்போது வாசல் ஆர்ச்சுகளுக்கு மேலே உள்ள கல் சிற்பங்களை நிமிர்ந்து பாருங்கள், அவை லாக்வுட் கிப்ளிங் வரைந்தவை.

குறையே இல்லையா? நிறைய. முக்கியமான அறைகள் பல வடக்கே பார்த்தவை. சூரியனுக்கு ஏங்குகிற தேசத்தில் இது விவேகமில்லை. வெயில் விழும் பக்கத்தில் நடைபாதையை வைத்துவிட்டார்கள். சமையலறை மேற்கு. கோடை மத்தியானத்தில் அடுப்பும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். "வாஸ்து பார்க்காமல் கட்டினால் இப்படித்தான்" என்றாள் எங்காத்து மாமி. வாஸ்து வேண்டாம், ஒரு காம்பஸும் ஒரு சமையல்காரம்மாவும் போதும். இருபத்தெட்டு வயது ஆர்க்கிடெக்டிடம் அதைச் சொல்ல ஆளில்லை.

ஆனால் ஒன்று. அந்த நிலத்தில் பழைய ஆப்பிள் தோப்பு இருந்தது. மரங்களை வெட்டாமல் வீட்டை அதற்குள் பொருத்தினார்கள். நாங்கள் அந்த மர நிழலில் உட்கார்ந்துதான் தயிர் சாதம் சாப்பிட்டோம். தோட்டத்துப் பக்கம் ஒரு சின்னத் தாழ்வாரம், 'யாத்ரீகர் ஓய்வு' என்று பெயர். கேன்டர்பரிக்குப் பாத யாத்திரை போனவர்களின் பழைய பாதை பக்கத்தில் என்பதால் அந்தப் பெயர். நம் திண்ணையேதான்.

பிறகு நடந்தது சந்தோஷமானதில்லை. பர்ன்-ஜோன்ஸ் குடும்பமும் அங்கேயே வந்து இருக்க இன்னொரு கட்டுக்கு வெப் பிளான் போட்டார். 1864-இல் பர்ன்-ஜோன்ஸ் வீட்டில் விஷ ஜுரம், கைக்குழந்தை போய்விட்டது. மாரிஸ் வாத ஜுரத்தில் படுத்தார். சுரங்க வருமானமும் இறங்கிக்கொண்டிருந்தது. தினம் லண்டன் போய் வருவது முடியாத காரியம். 1865-இல் வீட்டை விட்டு லண்டனுக்குக் குடிபோனார்கள். அதற்கு அப்புறம் முப்பது வருஷம் உயிரோடு இருந்தும் மாரிஸ் அந்தப் பக்கமே வரவில்லை. பார்த்தால் தாங்காது என்று.

வீடு பல கை மாறியது. 1952-இல் டெட் ஹாலம்பி என்ற ஆர்க்கிடெக்ட், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வாங்கினார். லண்டன் கவுன்ட்டி கவுன்சிலில் உத்தியோகம். அரை நூற்றாண்டு அவர் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து காப்பாற்றியது. 2003-இல் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. 2013-இல் மாரிஸ் படுக்கையறையில் ஒரு பெரிய அலமாரிக்குப் பின்னால், பைபிள் பாத்திரங்களை வரைந்த ஒரு சுவர் சித்திரம் முழுசாக வெளிப்பட்டது. ஒரே கை இல்லை, சிநேகிதர்கள் ஆளுக்கொரு உருவம் வரைந்திருக்கிறார்கள் என்கிறார்கள்.

அங்கே இதைக் 'கிரேடு ஒன்று' லிஸ்டட் கட்டடம் என்பார்கள். இங்கிலாந்தில் பட்டியலில் உள்ளவை சுமார் 4 லட்சம். அதில் முதல் கிரேடு நூற்றுக்கு இரண்டரைதான். சொந்தக்காரரே ஆனாலும் அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றினால் கிரிமினல் குற்றம். நம் மும்பையிலும் 1995 முதல் ஹெரிடேஜ் கிரேடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மாரிஸும் வெப்பும் 1877-இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அந்த நாளில் 'புதுப்பிக்கிறேன்' என்று பழைய மாதாகோயில்களின் பூச்சைச் சுரண்டித் தள்ளுவது வழக்கமாக இருந்தது. சுரண்டாதே, பழுது மட்டும் பார், ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக் கொடு, பழசைப் பழசாகவே விடு என்பது இவர்கள் கட்சி. ஏறக்குறைய இதே எண்ணம்தான் ஜான் மார்ஷல் 1923-இல் நம் தொல்லியல் துறைக்கு எழுதிய கையேட்டிலும் இருக்கிறது.

நான் ரெட் ஹவுஸ் சுவரில் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள கலவையை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். சம்பளம் வாங்காமல் வழிகாட்டியாக வேலை செய்யும் ஒரு வயதான அம்மாள் அதைப் பார்த்துவிட்டு வந்தார். என் தொழிலைக் கேட்டறிந்ததும், இம்மாதிரி சுவர்களில் பழுது பார்ப்பது சுண்ணாம்புக் கலவையால், சிமெண்ட்டால் அல்ல என்றார். காரணம் எனக்குத் தெரியும். சுண்ணாம்புக் காரை கல்லைவிட மிருதுவானது. சுவருக்குள் ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியேறும். தேய்ந்தால் காரை தேயும், கல் பிழைக்கும். மேலே சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அங்கே பனி உறைந்து கல்லின் முகம் உதிரும். நம் பக்கம் அதே வேலையை உப்பு செய்யும். தெரிந்துகொண்டேன் என்பது வேறு, எப்போது தெரிந்தது என்பது வேறு.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புக் காரை, சின்னச் செங்கல். 1983-இல் லீவில் போனபோது, பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது. ஊர்க் கொத்தனார் வந்து பார்த்து, "சாமி, சுண்ணாம்பு இடிச்சு, கடுக்காய் ஊறவெச்சுப் பூசிடறேன். சிமெண்ட் வேணாம், சுவர் மூச்சு விடணும்" என்றார். நான் அப்போது முப்பத்து மூன்று வயது இன்ஜினியர். சிரித்தேன். ஒன்றுக்கு நாலு சிமெண்ட் கலவை, உள்ளும் புறமும், நான்கு நாள் நானே நின்று பூச வைத்தேன். வீடு ஜம்மென்று ஆயிற்று. ஆறு வருஷத்தில் மார்பளவுக்கு ஈரம். பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. தட்டினால் பின்னால் செங்கல் மாவாகக் கொட்டியது. 1996 ஐப்பசி மழையில் கொல்லைப்பக்கச் சுவர் ஒரு ராத்திரி விழுந்தது. அம்மா முன்கட்டில் படுத்திருந்ததால் பிழைத்தாள். அவளை இங்கே கூட்டிவந்தேன். மனை விலைக்கு வீட்டைக் கொடுத்தோம். "பழைய வீடு, காலம் முடிந்துவிட்டது" என்று அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு அந்த வீட்டின் மேல் உயிர். அவள் பிரசவங்கள் எல்லாம் அங்கேதான். இருபத்தேழு வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கொத்தனார் அப்பவே அம்மாகிட்ட வந்து சொல்லிட்டுப் போனார்டா. இன்ஜினியர் பிள்ளையாச்சே, அவனுக்குத் தெரியாதான்னு அம்மா வாயே திறக்கலை" என்றாள். அக்கா இங்கே முன் வரிசையில்தான் இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொன்னேன்.

உங்களில் சிலருக்கு ஊரில் இன்னும் வீடு இருக்கிறது. சுவரில் ஈரமோ உப்போ தெரிந்தால், பூசுவதற்கு முன்னால் ஒரு மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். காரை வெள்ளையாக, நகத்தால் சுரண்ட வருகிற மாதிரி இருந்தால் அது சுண்ணாம்பு. மேலே சிமெண்ட் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். காசு வேண்டாம், காப்பி போதும்.

ரெட் ஹவுஸ் படங்களைப் பேத்தி பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். டிபன் ஆனதும் திரையில் போடுகிறேன், கிணற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.